தெய்வநாயகியின் நாற்காலி

கப்பலில் போடும் சாப்பாட்டில் உப்புக் கொஞ்சம் மட்டம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. சோறு பொலபொலவென்று இருக்கும். குழம்பைச் சூடாகத்தான் ஊற்றுவார்கள். மோர் வேண்டும் என்றால் இன்னொரு தம்ளர் தருவார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

நானே எழுதித் தருகிறேன் என்றதும் ஸ்டேஷன் ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கைநாட்டு வெச்சாப் போதும்மா" என்றார். எனக்கு எழுதத் தெரியும். ஜவ்வரிசி ஆலையில் நாளெல்லாம் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துவிட்டு, சாயங்காலம் முதியோர் கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து இது. கிழங்குப் பால் பட்டுக் கை வெடித்திருக்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பேர் பெருமாயி. அப்பனும் ஆத்தாளும் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மல்லசமுத்திரத்துக்கு மேற்கே சென்னியப்பன் பண்ணையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எனக்கு விவரம் தெரிவதற்குள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் பண்ணையத்திலேயே வளர்ந்தேன். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எனக்கென்று ஓர் அலுமினியக் குண்டா இருந்தது. அதில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். ஒரு மனுஷ முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சோறு தின்றதாக எனக்கு நினைவில்லை. அதை அப்போது குறையாகவும் நினைக்கவில்லை.

தெய்வநாயகி அம்மிணி அந்தப் பண்ணையத்துப் பெண். சென்னியப்பனின் மகள், சின்னுசாமியின் தங்கை. என் வயதுதான் இருக்கும். 1974-ஆம் வருஷம் அவரைப் பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இளம்பிள்ளைச் சேலைகளை வாங்கிக் கப்பலில் கொண்டுபோய் விற்கிறவர். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருந்துவிட்டு அவர் முன்னால் போனார். அம்மிணிக்குக் காகிதங்கள் தயாராகி வந்தபோது பண்ணையத்தில் மஞ்சள் வெட்டு. அப்பனும் அண்ணனும் நகர முடியாது. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் நான் திரும்பிவிட வேண்டும். அம்மிணிக்கு மேலே கேபின். எனக்குக் கீழ்த்தளத்தில், நூறு பேரோடு அடுக்குக் கட்டில்.

மதராஸில் ஏறும்போது அம்மிணி நன்றாகத்தான் இருந்தார்.

"ஏ பெருமாயி, மேட்டூர் டேமு மாதிரி இருக்கும்னு எங்கண்ணன் சொன்னானே, இதென்ன புள்ள, எதுத்த கரையே காணோம்?"

"எதுத்த கரையிலதானுங்க மாப்பிள்ளை நிக்கிறாரு. நீங்க எட்டிப் பாக்கறீங்கன்னு ஒளிஞ்சுக்கிட்டாரு."

"உனக்கு வாய் நீண்டு போச்சு" என்று என் தலையில் தட்டிச் சிரித்தார்.

நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கப்பல் நடுக்கடலுக்குத் திரும்பியதும் அவருக்கு வாந்தி ஆரம்பித்தது. கப்பல் டாக்டர் வந்து பார்த்தார். கடல் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று வேளையும் மாத்திரை கொடு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. அம்மிணிக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. துணி துவைக்கிறவளுக்கு அது தெரியாமல் போகாது. "எம்பட ஊட்டுக்காரருகிட்ட நாந்தான் மொதல்ல சொல்லோணும். வாயத் தொறந்தீன்னா கடல்ல தள்ளிப்போடுவேன்" என்று அம்மிணி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தபோது அவர்தான் சொன்னார்.

"எங்கப்பன் டிக்கெட்டு எடுக்கறப்போ சோத்துக்குஞ் சேத்தித்தான குடுத்தாரு? அதைச் சும்மா உடறதா? நீ போயி எம்பட எடத்துல உக்காந்து தின்னுபோட்டு வா."

"நானுங்களா?"

"பின்ன, கப்பக்காரனா வந்து திம்பான்? எம்பட சேலை ஒண்ணைக் கட்டிக்க. அங்க போயி வாயத் தொறக்காத. பேசுனா வேலைக்காரின்னு கண்டுக்குவாங்க."

களத்தில் சிந்திய மஞ்சளைத் துணுக்குத் துணுக்காகப் பொறுக்கி எடுக்கிற வீடு அது. ஒரு வேளைச் சோறு கடலோடு போவதை அவரால் தாங்க முடியவில்லை. இவ்வளவுக்கும் ஆரம்பம் அந்தச் சிக்கனம்தான். நானாகக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். பரிமாறுகிறவர் பேர் ராசு. அவர் ஒரு நாற்காலியைப் பின்னால் இழுத்தார். உட்காரக் கூடாது என்கிறார் போலிருக்கிறது என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். எதிரில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா மெல்லச் சிரித்தார்.

"உட்காரும்மா. உனக்காகத்தான் இழுத்தார்."

"தெய்வநாயகி அம்மாதானே?" என்று ராசு கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறக்காதே என்றுதான் அம்மிணி சொல்லியிருந்தார்.

எதிரில் இருந்தவர் முத்தாயம்மாள். பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பழனிக்கு வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். நான் குனிந்து வேகவேகமாகத் தின்பதைப் பார்த்துவிட்டு, "மெதுவாகச் சாப்பிடு, யாரும் பிடுங்க மாட்டார்கள்" என்றார். பிறகு உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, ஒவ்வொன்றாகத் தின்று பார்த்துக் கண்டுபிடிப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசினேன். நிறையப் பேசினேன். எனக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே புதிதாக இருந்தது. கல்யாணம் ஆகவில்லை என்றேன். மல்லசமுத்திரத்துப் பக்கம் சென்னியப்பன் பண்ணையத்தில் இருக்கிறேன், அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன் என்றேன். எல்லாம் உண்மைதான். பேர் ஒன்றைத் தவிர நான் பொய் சொல்லவில்லை. இரண்டாம் நாள் நான் உள்ளே நுழைந்தபோது முத்தாயம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என் வரவுக்காக ஒருவர் முகம் அப்படி மாறும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் அம்மிணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மாத்திரை வேலை செய்தது.

"நாளைக்குக் காத்தால நானே போறேன். இட்டிலி போடுவாங்களா?"

"போடுவாங்கங்க."

"உனக்குக் கீழ என்ன போடுவாங்க?"

"வரிசையில நின்னா குடுப்பாங்கங்க."

அன்று ராத்திரிக்கான மாத்திரையை நான் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. வட்ட ஜன்னல் வழியாகக் கடலில் போட்டேன். மற்ற மாத்திரைகளையும் போட்டேன். பிறகு ஜன்னலைச் சாத்தினேன். கீழ்த்தளத்து வரிசையில் வாங்கிய பொரித்த மீனைத் தாளில் பொதிந்து, அவர் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். காலையில் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. இட்லியை நான் சாப்பிட்டேன்.

எப்போது கொல்ல நினைத்தாய் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டீர்கள். நான் அப்படி நினைக்கவே இல்லை. அம்மிணி படுத்திருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கரை சேரும் வரைக்கும்.

தண்ணீர் கேட்பார். "குடிச்சா வாந்தி வருமுங்க" என்பேன். அது பொய்யில்லை, குடித்தால் வந்தது. ஆகவே உதட்டை மட்டும் நனைத்துவிடுவேன். முகம் துடைத்தேன், தலை வாரிப் பின்னிவிட்டேன், வாந்தி எடுத்த துணிகளை அலசிப் போட்டேன். ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை. "நீ இல்லாட்டி நான் செத்திருப்பேன் புள்ள" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் மறுபடி வந்தார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று, அந்தக் கேபின் அம்மா ஏதாவது சாப்பிடுகிறாரா என்று ராசுவைத்தான் கேட்டார். நான் அப்போது உள்ளே மேசையில் இருந்தேன். ராசு சொன்னது என் காதில் விழுந்தது. "ஒரு வேளை தவறவில்லை சார். முதல் ஆளாக வந்துவிடுகிறார்கள்." நல்லது என்று சொல்லிவிட்டு டாக்டர் படியேறிப் போனார். ராசுவின் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த தெய்வநாயகி நான்தான்.

கேபினில் யாரோ முனகுகிறார்கள் என்று முத்தாயம்மாளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "உன்கூட வந்த வேலைக்காரப் பெண்ணா?" என்று அவரே கேட்டார். நான் மறுக்கவில்லை.

"டாக்டரிடம் காட்டினாயா?"

"அவளுக்கு இது பழக்கம்தானுங்கம்மா. கரை வந்தாச் சரியாயிடும்."

"வேலைக்காரியானாலும் உசுருதானேம்மா. நான் வந்து பார்க்கட்டுமா? ஆஸ்பத்திரியில் இருந்தவள் நான்."

"தூங்கறாங்க" என்றேன். தூங்குகிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை.

சமையல்கட்டில் சொல்லி ஒரு கிண்ணம் கஞ்சி வாங்கி, தன்னிடமிருந்த எலுமிச்சை ஊறுகாயும் வைத்து என்னிடம் கொடுத்தார். வேலைக்காரிக்கு. கேபினுக்குப் போகும் நடையில் நின்று அதை நான் குடித்தேன். வயிற்றில் இடமில்லை. ஆனாலும் அவர் கையால் கொடுத்தது, கொட்ட மனம் வரவில்லை.

கரை சேருவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரிய விருந்து என்று அறிவித்திருந்தார்கள். அம்மிணியின் கண் குழி விழுந்து உள்ளே போயிருந்தது. குரல் ஏறவில்லை. நான் அவருடைய அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டிருந்தபோது என் முந்தானையைப் பிடித்தார்.

"டாக்டரைக் கூப்புடு சாமி."

என்னை அவர் சாமி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"மணி அடிச்சிட்டாங்கம்மிணி. சாப்பிட்டுப்போட்டு வர்றப்போ கூட்டியாறேனுங்க" என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பலம் ஒன்றும் இல்லை.

விருந்தில் கடைசியாக ஐஸ்கிரீம் வைத்தார்கள். எனக்குப் பல் கூசியது. முத்தாயம்மாள் கைகொட்டிச் சிரித்து, "கண்டுபிடித்துவிட்டோம், இதுதான் உனக்குப் பிடித்தது" என்று தன்னுடையதையும் என் பக்கம் தள்ளினார். இரண்டையும் தின்றேன். மறுபடி பழனிக்கு வரும்போது உன் ஊருக்கு வந்து உன்னைப் பார்ப்பேன் என்றார். மேசைகளைத் துடைக்க ஆரம்பித்த பிறகும் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். எழுந்துபோக எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

நான் போனபோது அம்மிணியின் வாய் திறந்திருந்தது. உடம்பு இன்னும் சில்லிடவில்லை. கண்ணை மூடிவிட்டேன். அரக்குச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்ததை எடுத்துக் கடலில் போட்டேன். என் சேலையைக் கட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் டாக்டரைக் கூப்பிடப் போனேன். பிள்ளை உண்டாகியிருந்தது உனக்குத் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

பினாங்கில் இறங்கும்போது கூட்டத்தோடு கூட்டமாகத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன். முத்தாயம்மாள் யாரையோ தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மாப்பிள்ளை துறைமுகத்துத் தரையில் உட்கார்ந்து அழுதார். ஊருக்கு வந்ததும் சென்னியப்பன் என் முன்னால் நின்று, "நீயாச்சும் கூட இருந்தியே சாமி" என்று கும்பிட்டார். அதற்கு மேல் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் என்னால் தின்ன முடியவில்லை. ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விட்டேன். அங்கேயும் தனியாகத்தான் தின்றேன். ஆலைப் பெண்கள் கூப்பிடுவார்கள். எதிரில் யார் உட்கார்ந்தாலும் அது முத்தாயம்மாளாக இல்லை.

முந்தாநாள் ஆலைக்குச் சின்னுசாமி ஆள் அனுப்பினார். கையில் கிழங்கு மாவோடு போனேன். பண்ணையத்து வாசலில் நாற்காலி போட்டு முத்தாயம்மாள் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மடியில் அம்மிணியின் கல்யாணப் போட்டோ. "இந்தப் பெண் இல்லை, என்னோடு சாப்பிட்டது வேறு பெண், அது கடைசி நாள் வரைக்கும் நன்றாக இருந்தது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னுசாமியும் சென்னியப்பனும் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் பேசாமல் நின்றிருந்தால் போதும். வேலி ஓரத்தில் மாவு பூசிய ஒரு கூலிக்காரி, ஒன்பது வருஷத்தில் எலும்பும் தோலுமாக ஆனவள். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி வேறெங்கோ பார்த்தார். "தெய்வநாயகி என்று ஆசையாகத் தேடிக்கொண்டு வந்தேனே" என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது என்னால் இருக்க முடியவில்லை.

"நாந்தானுங்கம்மா" என்றேன். "இங்க இருக்கறேன்."

சின்னுசாமி என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மாத்திரை, மீன், தண்ணீர், கஞ்சி எல்லாம். இங்கே எழுதியிருப்பதைத்தான் அங்கேயும் சொன்னேன். தெய்வநாயகி அம்மிணியையும் வயிற்றில் இருந்ததையும் சாகவிட்டது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் முத்தாயம்மாள் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். செத்துப்போன பெண்ணுக்காக அழுதார் என்று ரைட்டர் சொல்கிறார். அவளை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து என்னைக் கண்டுவிட்ட சந்தோஷம், வேறொன்றும் இல்லை.

பெருமாயி