ஐடெல்லாவின் தொண்டையில் ஒரு கரகரப்பு

டிரம்போன் ஊதுகிறவனுக்கு முன்பற்கள் முக்கியம். டொலீடோவுக்கு வெளியே எங்கள் வாத்தியக்குழுவின் பேருந்து கவிழ்ந்தபோது எனக்கு மூன்று போயின. தலைவர் நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

காது மட்டும் மிச்சமிருந்தது. சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், மெத்தைக் கடைக்கு மேலே ஒரு அறையெடுத்து இசைத்தட்டு தயாரிக்க ஆரம்பித்தேன். எங்கள் குழுவில் பாடிய ஐடெல்லா என்னை நம்பி வந்தாள். சுத்தமான குரல். அதுதான் சங்கடம். யாரும் வாங்கவில்லை.

பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் அவள் தொண்டை கரகரத்தது. அந்தக் குரலிலேயே பதிவுசெய்த தட்டை மதுக்கடைகளில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முரட்டு ஆண்கள் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதை நானே பார்த்தேன்.

கரகரப்பு போகவில்லை என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிந்து முடிவு சொல்லும் நாளில் அவள் டாக்டரின் அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு, கிளீட். நீ போய்க் கேட்டுட்டு வா. நீ சொன்னா தாங்கிக்குவேன்."

கணவன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். சிறிய கட்டிதான், இப்போதே அறுத்தெடுத்தால் பிழைத்துக்கொள்வாள், குரல் மட்டும் பழையபடி இருக்காது என்றார் டாக்டர். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"வெறும் புண்ணுதான். வெந்நீர் குடி, பாடுறதை விட்டுடாதே."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அப்புறம் பசிக்கிறது என்றாள். மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தேன். என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றாள்.

அதன் பிறகு வந்த பாட்டுகள்தான் நீங்கள் இன்று கொண்டாடுகிறவை. அடுத்த குளிர்காலத்தில் ரொட்டி விழுங்க முடியவில்லை என்றாள். வேறு டாக்டரைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அவர்கள் கத்தியை வைத்தால் நீ ஊமைதான் என்றேன். அது பொய்யுமில்லை. கடைசிப் பாட்டுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன், ஒலிவாங்கியை உதட்டருகே இறக்கினேன். நடுவில் மூச்சு அறுபடும் ஓரிடம் உண்டு. மறுபடி பாடுகிறேன் என்றாள். வேண்டாம், இதுவே போதும் என்றேன்.

ஏப்ரலில் அடக்கம் செய்தோம். அவளுடைய தங்கை தேவாலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை அக்காவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னாள்.

ஆம், அவள் பிழைத்திருப்பாள். பிழைத்து, யாருக்கும் தெரியாத ஒருத்தியாக எங்காவது துணி தேய்த்துக்கொண்டிருப்பாள். உயிரா பாட்டா என்று கேட்டிருந்தால் ஐடெல்லா பாட்டைத்தான் சொல்லியிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் சந்தித்துக்கொண்டுதான் இருந்தோம். கேட்பதற்குத்தான் சந்தர்ப்பம் அமையவில்லை.