இடது முட்டி

பாசிர் ரிஸ் போகும் ரயிலில், தேக்கா சந்தைப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே இரண்டு அம்மாக்கள்.

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாத," என்றார் மூத்தவர்.

"அப்புறம் எதுக்குக்கா இடது முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டுத் திரியுறீங்க?"

"கோயில் சாப்பாட்டுக்குத் தரையில உக்காந்து எந்திரிக்கும்போது அவருக்கு முட்டி பிசகிடுச்சுல்ல? நாற்காலில உக்காந்து உக்காந்து எந்திரிக்கணும், தினமும் பத்து தடவைன்னு தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தாங்க. மனுஷன் ஒரு நாள்கூட செய்யலை. எனக்கும் வலிக்குது, தனியா செய்ய பயமா இருக்குன்னேன். இப்ப காலையில அவரே என்னை எழுப்பி, கூடவே செஞ்சு, சத்தமா எண்ணுறாரு லா."

"கோயில்ல?"

"எனக்குத் துணையா அவரும் நாற்காலியிலதான் உக்காந்து சாப்பிடுறாரு."

பாசிர் ரிஸ்ஸில் நானும் இறங்கினேன். மூத்தவர் படிகளில் விறுவிறுவென்று இறங்கிப் போனார். கேட்டுக்கு வெளியே குடையோடு நின்ற கணவரைப் பார்த்ததும் வலது காலை இழுத்து இழுத்து நொண்ட ஆரம்பித்தார்.

பின்னால் வந்தவர் பதறிப்போய்க் கிசுகிசுத்தார்:

"அக்கா, இடது கால் லா!"