வால்வு பொட்டியே இருக்கட்டும்

இல்லீங்க கதிரவன் சார், அந்த வெள்ளப் பொட்டிய அட்டைக்குள்ளயே வச்சிருங்க. எனக்கு வால்வு வச்சதுதான் வேணும். ஆமாங்க, ரெண்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். சேலத்துலருந்து பென்னாகரம் தாண்டி எங்கூரு வரைக்கும் ரெண்டயும் தூக்கிட்டு வந்திருக்கீங்க, அதுக்கோசரம் புடிக்காதத புடிச்சிருக்குன்னு சொல்ல முடியுங்களா?

வெவரம் தெரியாம கேக்கலைங்க. போன வருசம் ஸ்பீக்கர் வாங்குனப்ப நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. போன்ல இருக்கற பாட்டு வெறும் நம்பரு. அத சத்தமா மாத்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பறது இந்தப் பொட்டி, டேக்குன்னு பேரு. வெள்ளதுல சிப்பு மட்டும். இதுல அந்த சத்தம் பழைய ரேடியோவுல இருக்கற மாதிரி கண்ணாடி வால்வு வழியா வெளிய வருது. அவ்ளோதான? இது தெரிஞ்சா போதாதுங்களா?

சூடாகுதா? ஆகட்டும். எங்கூரு வெயிலுக்கு முன்னாடி அந்த விரலாட்டம் இருக்கற கண்ணாடி என்னா சூடாயிரப்போவுது. கரண்ட்டு ஏறி எறங்கறதுக்குத்தான் ஸ்டெபிலைசர் மாட்டியிருக்கேன். வால்வு போச்சுன்னா மாத்திக்கறேன். நானே கழட்டி மாட்டற மாதிரி காட்டிட்டுப் போங்க.

வூட்டுக்காரர கேக்கணுங்களா? எதுக்குங்க? பட்டுப்புழு நான் வளக்கறது. கூடு நான் விக்கறது. அவரு பின்னாடி புழு மனையிலதான் இருக்காரு, மல்பெரி தழ வெட்டிக்கிட்டு. இருங்க, திருப்பி அதே பாட்டப் போடுங்க, மொதல்லருந்து. ம்... கேட்டீங்களா? பாட்ட இல்லீங்க. அருவா சத்தம் நின்னுருச்சு பாருங்க. பாட்டு முடியற வரைக்கும் வெட்ட மாட்டாரு. வந்து ஒக்காந்து கேக்கறதுக்கு மட்டும் தெம்பு கெடையாது.

என்னாங்க மாமா? ஆமா, அதே பாட்டுதான். ரோட்டு வரைக்கும் கேக்குதா? கேக்கட்டுமே. இல்லீங்க மாமா, கதவ சாத்த முடியாது, புழுக்கமா இருக்குது. வர்றதுன்னா உள்ள வாங்க, காப்பி போடறேன். வாசல்ல நின்னு பேசாதீங்க.

போறாரு பாருங்க, வண்டிய முறுக்கிட்டு. அவரு எங்க வூட்டுக்காரரோட அண்ணன், காளியப்பன். இந்த ஊருல யாரு யாரு கூடப் பேசலாம், யாரு வூட்டுல கை நனைக்கலாம்னு எல்லாம் அவருதான் சொல்லணும். நல்லா சொல்லட்டும்.

அட, நீங்க பயப்படாதீங்க, ஒக்காருங்க. காப்பி ஆறுது.

சரி, நீங்க மறுபடி அதையே சொல்றீங்க. வெள்ளப் பொட்டி உள்ளத உள்ளபடி குடுக்குது, வால்வு இல்லாதத சேக்குதுன்னு. சேக்கட்டுங்க சார். இந்த வூட்டுலருந்து எடுத்ததெல்லாம் போதும். எதாச்சும் ஒன்னு சேத்துக் குடுத்தா வேணாம்னா சொல்லுவேன்?

அதோட, நான் கேக்கறதே வேறங்க. அந்த ரெண்டாவது அடி வருதுல்ல, பாதியில ஒரு மூச்சு எடுக்கறா பாருங்க. வெள்ளதுல அது உஸ்ஸுன்னு வந்துட்டுப் போயிருது, சைக்கிள் டியூப்புல காத்து எறங்கற மாதிரி. வால்வுல அதே மூச்சு நெஞ்சுலருந்து வருது. ஒரு ஆளு நின்னு மூச்சு வாங்கறா, பக்கத்துல. உங்களுக்குத் தெரியலைங்களா? எனக்குத் தெரியுது.

அவ அந்த எடத்துல மூச்சு எடுக்கற ஆளே இல்லீங்க. இதவிட நீளமான அடியெல்லாம் ஒரே தம்முல புடிப்பா. தண்ணி எறைக்கறப்ப பாடுவா, தழ கட்டத் தூக்கிட்டு ஏறி வர்றப்ப பாடுவா, மூச்சு வாங்காது.

ஆமாங்க. எம் பொண்ணுதான். பிரியதர்ஷினி.

நீங்க எதோ பெரிய பாடகின்னு நெனச்சீங்களா? இல்லீங்க, மைசூர்ல சின்னச் சின்ன கச்சேரி பாடறா. அப்பப்ப நெட்டுல ஒரு பாட்டு போடுவா. வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டா, அவ்ளோதான் அவ செஞ்சது. இங்க பெரியவங்க எல்லாரும் வந்து, இதோ நீங்க ஒக்காந்திருக்கற எடத்துலதான் ஒக்காந்தாங்க. இந்த வூட்டுல இனிமே அவ பேர யாரும் சொல்லக்கூடாதுன்னு காளியப்பன் மாமா சொன்னாரு. நான் அப்பவே ஒத்துக்கலைன்னு எந்திரிச்சேன். எங்க வூட்டுக்காரரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவ போட்டோவெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. இங்கருந்து போன் பண்ணவங்க எல்லாம் திட்டறதுக்கே பண்ணாங்க போல, நம்பரையும் மாத்திட்டா. அவ மேல தப்பே இல்லைங்க.

பேரத்தான சொல்லக்கூடாதுன்னாங்க? பாட்டு கேக்கக்கூடாதுன்னு சொல்லலையே. அன்னிக்கு நெனச்சேன், இந்த ஊருலயே பெரிய ஸ்பீக்கரு எங்க வூட்டுலதான் இருக்கணும்னு. இப்ப தெரியுதுங்களா, பொம்பளைக்கு எதுக்கு இதுன்னு?

அழுவலைங்க சார். வெங்காயம் உரிச்ச கை, கண்ணுல பட்டிருச்சு. நீங்க ஒயர மாட்டுங்க.

அந்த மூச்சு சங்கதி கேட்டீங்களே. போன மாசம் போட்ட பாட்டு இது. பழைய ஸ்பீக்கர் செட்டப்புலயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. இன்னிக்கு உங்க வால்வுல கேட்டதும் நிச்சயமாயிருச்சு. அடி வயித்துலருந்து மேல ஏத்த முடியாம, எடம் பத்தாம எடுக்கற மூச்சுங்க அது. நான் அவள சொமந்தப்ப எனக்கும் இப்படித்தான், பேசிக்கிட்டே இருக்கறப்ப பாதியில நின்னுரும். இப்ப அவளுக்கு ஆறு மாசமோ ஏழு மாசமோ இருக்கும்.

வர்ற ஞாயித்துக்கெழம மைசூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல பாடறான்னு நோட்டீஸ் போட்டிருக்கா. மொத வரிசையில போயி ஒக்காந்துக்கறேன். சாயங்காலம் பென்னாகரம் கடைக்குப் போகணுங்க, கை நெறைய கண்ணாடி வளவி வாங்கணும். பச்சையும் செவப்பும்.