பெயர்களைக் கொடுக்காத பேராசிரியர்

மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியரின் கணவர் ஐயா வரதராஜுலு அவர்களே, ஷிப்ட் முடித்துச் சீருடையோடு வந்து அமர்ந்திருக்கும் என் சகோதரிகளே, அனைவருக்கும் இந்தத் தமிழ்வாணனின் வணக்கம்.

மறைந்த நம் பேராசிரியர், முனைவர் வேதவல்லி அம்மையாரின் பக்கத்து நாற்காலியில் நெடுங்காலம் பணிசெய்தவன் நான். அவர் துறை, கணினிவழிச் சமூக அறிவியல். அவர் ஆராய்ந்தது கூட்டறிவு. அதென்ன கூட்டறிவு? பலருக்கும் துண்டு துண்டாகத் தெரிந்ததைச் சேர்த்துக் கணக்கிட்டால், தனி ஒருவருக்குத் தெரியாத விடை கிடைக்கும். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் பேசினால் அந்த விடை கெட்டுவிடும். இதை அவர் எங்கே ஆராய்ந்தார்? குளிரூட்டிய அறையிலா? இல்லை! இதோ, இந்த ஒரகடம் சாலையில்!

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைப் பெண்கள் விடுதிக்கு எதிர்ப்புறம், நெடுஞ்சாலைக்கு அப்பால் மாற்றினார்கள். கூட்டம் போட்டு, "எல்லாருக்கும் ஓகேவா?" என்றார் மேலாளர். எல்லாரும் கை தூக்கினார்கள். சில வாரங்களில், சாலையைக் கடந்த பாண்டிச்செல்வியை லாரி இடித்துக் கால் முறிந்தது.

அங்கே ஆய்வு நடத்திக்கொண்டிருந்த அம்மையார் விடுதிக்கே போய்ப் பாண்டிச்செல்வியைக் கேட்டார். "நீயும் கை தூக்கினியாமே, ஏம்மா?"

"அவிய எதிர்க்க உக்காந்திருக்கும்போது தூக்காம எப்படி மேடம்? வேலை போயிரும்லா?"

அன்று முதல் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கேட்டார். பதில்களைச் சேர்த்து வரைபடமாக்கினார். விடுதியை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி அருகே பஸ் வர வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. மேலாளர் அதைப் பார்த்ததும் என்ன கேட்டார் தெரியுமா?

"இதெல்லாம் யார் யார் சொன்னது? பேரக் குடுங்க மேடம்."

"பேரெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன் சார்."

மறுநாளே ஆய்வுக்கான அனுமதி ரத்தானது. அவர் உழைப்பில் பாதி வீண்! "கொஞ்சம் தழைஞ்சு பேசியிருக்கலாமே அம்மா?" என்று கேட்டேன். "ஒரு பொண்ணுக்கு வேலை போச்சுன்னா, அப்புறம் யாருப்பா நம்மகிட்ட உண்மையைச் சொல்லுவா?" என்றார்.

அந்தச் சொல் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த கூட்டத்தில் மேலாளர், "பஸ் அங்கயே நிக்கட்டும், ஓகேதானே?" என்றார். ஒரு கைகூட உயரவில்லை! ஊன்றுகோலோடு பாண்டிச்செல்வி எழுந்தார்: "ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டுக் கேளுங்க சார்." கேட்டார்கள். எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள்; பஸ் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தது. இன்றும் அங்கேதான் நிற்கிறது.

நோய் முற்றிய நாளில் நாங்கள் கூட்டமாகப் போய், "நல்லா இருக்கீங்க அம்மா" என்றோம். "ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் சொல்றீங்க. தனித்தனியா வாங்க, கேக்கறேன்" என்று சிரித்தார். என் முறை வந்தது. "ரொம்ப இளைச்சுட்டீங்க அம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, நீயாவது சொன்னியே" என்றார்.

எப்பேர்ப்பட்ட மனுஷி! எப்பேர்ப்பட்ட சிரிப்பு!

நண்பர்களே, மழைக்காலத்தில் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று வடக்குப்பட்டு மக்களைக் கேட்கும் வேலையை அவர் பாதியில் விட்டுச் சென்றிருக்கிறார். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புவதற்குள் அதை முடித்தாக வேண்டும். வரும் ஞாயிறு காலை நானும் மாணவர்களும் புறப்படுகிறோம். பாண்டிச்செல்வியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்பும் எல்லாருக்கும் வண்டியில் இடம் இருக்கிறது.

நீங்கள் ஓய்வெடுங்கள் அம்மா. மீதித் தெருக்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.