பூட்டில்லாத தெரு

இல்ல நர்ஸம்மா, தண்ணியெல்லாம் வேணாம். உக்காரக்கூட நேரமில்ல. கதவ மட்டும் கொஞ்சம் சாத்திக்கிறேன். யாராவது கேட்டா, எதிர்வீட்டுத் தையக்காரி ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தான்னு சொல்லிடுங்க.

நீங்க வந்து மூணு மாசந்தான் ஆகுது. இந்தத் தெருவுல எந்தக் கதவுலயாவது பூட்டு பாத்திருக்கீங்களா? இருக்காது. முனைக் கட்டடத்துல இருக்காரே பெரியண்ணன், அவர் ஆளுங்க காவலுக்கு இருக்கறப்ப பூட்டு எதுக்கு? போட்டா அவர நம்பலன்னு ஆயிடும். போன வருஷம் என் கேஸ் சிலிண்டர் காணாமப் போச்சு. அண்ணன் காதுல போட்டேன். சாயங்காலமே வாசல்ல வந்து நின்னுச்சு. கூடவே எடுத்தவனும் நின்னான், ரெண்டு கையிலயும் மாவுக்கட்டோட. அதுலேர்ந்து எது தொலைஞ்சாலும் நான் வாயத் தொறக்கறதில்ல.

பாவம் அந்த இஸ்திரிக்காரரு. ரெண்டு நாள் வெளியூர் போறப்ப, உள்ள ஊரார் துணி கெடக்கேன்னு பயந்து கடையப் பூட்டிட்டாரு. அவ்வளவுதான் அவரு செஞ்ச தப்பு. திரும்பி வந்த அன்னிக்கே நடுத்தெருவுல கால ஒடிச்சாங்க.

ஆமா, பட்டப்பகல்லதான். ஆமா, நானும் வாசல்லதான் நின்னேன். பன்னெண்டு வீடும் நின்னுச்சு. கேட்டா, எல்லாரும் செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தோம். எனக்கும் வயிறு எரிஞ்சுதும்மா, நான் என்ன கல்லா? ஆனா நீங்க நேரா ஸ்டேஷனுக்குப் போயி அடிச்சவன் அடையாளத்தையே எழுதிக் குடுத்துட்டீங்க. நீங்க வீடு திரும்பறதுக்குள்ள அந்தக் காகிதம் அண்ணன் மேசைக்கு வந்துடுச்சு, தெரியுமா?

நியாயந்தான். நான் இல்லன்னா சொன்னேன்? அஞ்சாங்கிளாஸோட நின்னவ, உங்ககிட்ட நியாயம் பேச எனக்குத் தெரியாது. வெயில் கண்ணக் கூசிச்சு, முகம் சரியாத் தெரியலன்னு மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. நானும் கூட வர்றேன்.

நாளைக்கு வேணாம்மா. இப்பவே.

யாரும் அனுப்பல. அப்படிப் பாக்காதீங்க. சரி, அனுப்பினாங்கன்னே வச்சுக்குங்க. தெருவுல நீங்க சிரிச்சுப் பேசறது என்கிட்ட மட்டுந்தான்னு அதையும் பாத்து வச்சிருக்காங்க.

என் பொண்ணு காலேஜ் விட்டு வந்தாளா, வழியில கூப்பிட்டு அவங்க ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காங்க. மரியாதையாத்தான், ஃபேன் போட்டு, ஜூஸெல்லாம் வாங்கிக் குடுத்து. நீங்க மெதுவாப் பேசி முடிச்சுட்டு வாங்கக்கா, அதுவரைக்கும் பாப்பா இங்கயே இருக்கட்டும்னாங்க.

உங்க செருப்பு எதும்மா? இருங்க, நானே எடுத்துப் போடறேன்.