எல்லைக்கோட்டை

எனக்கு எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, ஐயா. ஸ்க்ரூடிரைவர்களைக்கூட அளவுப்படிதான் மாட்டி வைப்பேன். அதனால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான்தான் எலக்ட்ரீஷியன். தரைத்தளத்தில் மீட்டர் அறையை ஒட்டிய ஒற்றை அறை என் வீடு. நேர் மேலே, முதல் மாடியில், டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். எனக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததே வாத்தியார்தான்.

கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வரைபடத்தில் ஆடுவது. கிராமம் கட்டினால் தானியம் விளையும். ஆனால் நிலத்தின் மேல் பிடி இருக்காது. கோட்டை ஒரு மணி தானியம் தராது. ஆனால் சுற்றி ஏழு கட்டம் வரை நிலம் கோட்டைக்காரரின் நிறத்துக்கு மாறிவிடும். தலைநகரம் ஆளுக்கு ஒன்றுதான். அது விழுந்தால் மற்றதெல்லாம் பிடித்தவருக்கு.

நான் கிராமம் கட்டுகிற ஆள். பதினாலு மாதத்தில் பதினொரு கிராமம் கட்டினேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆறு கிராமத்து வயல்கள் பச்சையாகக் கிடக்கின்றன. பச்சை வாத்தியாருடைய நிறம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த குன்றின் மேல் கோட்டை கட்டியிருந்தார்.

மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"விளையாட்டுதானே அண்ணா. நீங்க பாட்டுக்கு ஊரா கட்டிக்கிட்டே போனா, எல்லைய யாரு பாக்குறது?" என்று சிரித்தார்.

கட்டிலில் இருந்த அக்காவும் சிரித்தார். மூக்கில் குழாய் இருந்ததால் அவர் சிரிப்பது மூச்சு வாங்குவது போலத்தான் கேட்கும்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருடமாக ஆக்சிஜன் இயந்திரம். கரண்ட்டில் ஓடுவது. கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் உண்டு. அதை மாட்டிக்கொடுத்தது நான்தான், கூலி வாங்கவில்லை. அக்கா என்னை மின்னல் என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டு அரை மணி கழித்து வருவேனாம், அதனால்.

வாத்தியாருடைய தலைநகரத்தையே பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். முற்றுகையிட்டால் அது விழ இருபது நிமிடம் ஆகும். அதற்குள் சொந்தக்காரர் வந்து கதவை அடைத்தால் முற்றுகை உடைந்துவிடும். வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பார். மீட்டர் அறையில் அவருடைய வீட்டு மெயின் சுவிட்சை இறக்குவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் கம்ப்யூட்டரும் அதே இன்வெர்ட்டரில் ஓடியது.

அதனால் வியாழக்கிழமை போய் பேட்டரியைக் கழற்றி எடுத்துவந்தேன். பழசாகிவிட்டது, திங்கட்கிழமை மாற்றித் தருகிறேன் என்றேன். இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடியிருக்கும். நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று வாத்தியார் தயங்கினார். அக்காதான் விடவில்லை.

"மின்னல் கீழதானடா இருக்கான். ஒரு குரல் குடுத்தா வரமாட்டானா?"

இயந்திரம் இல்லாமல் பத்து நிமிடம் தாங்குவார் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. மீதிக்கு அது இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் மூன்று பத்துக்கு என் படை போய்ச் சேர்ந்தது. மெயினை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான்காவது நிமிடம் வாத்தியார் படியில் ஓடிவருவது கேட்டது. மீட்டர் அறை பூட்டியிருந்தது, சாவி என்னிடம். என் கதவைத் தட்டினார்.

"அண்ணா, உள்ள இருக்கீங்களா? அக்காவுக்கு மூச்சு இழுக்குது. சிலிண்டர்லயும் ஒண்ணுமில்ல."

அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார், திரும்பத் திரும்ப. திரையில் பதினாறு நிமிடம் மிச்சம் இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. சற்று நேரத்தில் தட்டுவது நின்றது. மேலே ஓடிவிட்டார்.

மூன்று முப்பதுக்குத் தலைநகரம் விழுந்தது. மெயினைத் தூக்கிவிட்டு மாடிக்கு ஓடினேன். ஆம்புலன்ஸ் வரை அக்காவின் கால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கியது நான்தான். கால் சில்லென்று இருந்தது. கடைக்குப் போயிருந்தேன் என்று வாத்தியாரிடம் சொன்னேன். நம்பினார். என் தோளில் சாய்ந்து அழுதார்.

அக்காவின் காரியமெல்லாம் முடிந்தது. இன்று காலையில் வாத்தியார் வந்தார். அந்த இயந்திரம் வேறு யாருக்காவது உதவட்டும், நீங்களே கழற்றிக் கொடுங்கள் அண்ணா என்றார். கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்தது. குனிந்து எடுக்கும்போது கட்டிலுக்கு அடியில் அந்தச் சிலிண்டர். அளவு காட்டும் முள் பூஜ்ஜியத்தில் நின்றது. வியாழக்கிழமை பேட்டரியை இழுக்க அதை நகர்த்தி வைத்தபோதும் முள் பூஜ்ஜியத்தில்தான் நின்றது. அப்போதே பார்த்தேன், ஐயா. அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டேன்.

வாத்தியார் இன்னும் விளையாட்டுக்குள் வரவில்லை. அவருடைய ஊர்களில் ஒன்றைக்கூட நான் இடிக்கவில்லை. தினமும் பார்த்துக்கொள்கிறேன். அவர் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எல்லாம் அப்படியே இருக்கிறது, எதுவும் குறையவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.