பாஸ்வேர்ட் கேட்காத கொம்பியூட்டர்

“பாஸ்வேர்ட் கேட்காத கொம்பியூட்டர் எனக்கு வேண்டாம்.”

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெரியவர்தான் சொன்னார். மடியில் பழைய கொம்பியூட்டர் பெட்டி. பக்கத்தில் இருந்தவர் நீர்வேலியில் வாழைக்குலையோடு ஏறியவர்.

“ஏன் அண்ணை?”

“இதிலை இடம் காணாது, நிரம்பிப்போச்செண்டு இன்னொரு ஹார்ட் டிஸ்க் போடப் போறன். கடைக்காரன் எல்லாத்தையும் புதுசிலை ஏத்துறானாம், பாஸ்வேர்ட் இல்லாமலே திறக்குமாம். பழசு அப்பிடியே இருக்கட்டும், புதுசைப் பக்கத்திலை பொருத்தெண்டு சொல்லிப்போட்டன்.”

“ஒவ்வொருக்காலும் பாஸ்வேர்ட் அடிக்கிறது கரைச்சல்தானே?”

“லண்டனிலை இருக்கிற மகள் வைச்ச பாஸ்வேர்ட். மறந்துபோச்செண்டு போன் எடுத்துக் கேட்பன். ஏசிப்போட்டுச் சொல்லுவாள்.”

“எங்கையாவது எழுதி வையுங்கோவன்.”

“அது எனக்கு நல்ல மனப்பாடம், தம்பி. வேறை என்னத்தைச் சொல்லி அவளுக்குப் போன் எடுக்கிறது?”